சாக்குப்போக்கு வேண்டாம், ஈரச்சாக்கு போதும்!

எங்கள் குடியிருப்புக்குத் தீயணைப்பு நிலையத்துக்காரர்கள் வந்து செய்முறை விளக்கம் காட்டினார்கள் என்று சென்ற இதழில் நாலு வரி எழுதினாலும் எழுதினேன், கேள்விகள் பற்றிக்கொண்டுவிட்டன. இயன்றவரை அணைக்கிறேன்.

கேள்வி: தீயை அணைப்பது அவர்கள் வேலை. நமக்கு எதற்கு சார் வகுப்பு?
– வரி கட்டுபவர், கோவை

பதில்: வண்டி நிலையத்திலிருந்து கிளம்பி, நெரிசலில் நீந்தி, உங்கள் தெருமுனையில் யாரோ குறுக்கே நிறுத்திய காரைத் தாண்டி வரவேண்டும். தீக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. வண்டி வரும்வரை வீட்டில் இருக்கும் ஒரே தீயணைப்பு வீரர் நீங்கள்தான், சம்பளம்தான் கிடையாது. அந்தச் சில நிமிடங்களுக்கான வகுப்பு இது.

கேள்வி: வாணலியில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றலாமா? குடம் பக்கத்திலேயே இருக்கிறதே!
– வடை சுடுபவர், தஞ்சாவூர்

பதில்: குடம் பக்கத்தில் இருப்பதுதான் ஆபத்தே! அன்று அலுவலர் ஓர் இரும்புச் சட்டியில் எண்ணெயைக் காய்ச்சிப் பற்றவிட்டார். அது பாட்டுக்குச் சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. நீளமான கம்பின் நுனியில் கட்டிய டம்ளரை நீட்டி, ஒரு வாய்த் தண்ணீரைச் சாய்த்தார். புஸ்ஸென்று எழுந்த தீயைப் பார்த்து எங்கள் செக்ரட்டரி நாற்காலியோடு பின்னால் போனார். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். அடியில் போய், நொடியில் ஆவியாகி, சுமார் 1,700 மடங்கு பெருத்து, எரிகிற எண்ணெயை அள்ளி வெளியே வீசுகிறது.

மறுபடி பற்றவைத்தார். இந்த முறை அகலமான மூடி ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடினார். கதை முடிந்தது. அடுப்பை அணையுங்கள், மூடியைத் தொடாதீர்கள், ஆறட்டும். ‘அணைந்துவிட்டதா’ என்று திறந்து பார்த்தால் காற்றுப் பட்டு மீண்டும் பற்றும். சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடவே ஓடாதீர்கள்.

கேள்வி: கேஸ் வாசனை வந்தால் என் கணவர் ஓடிப்போய் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுகிறார். சரிதானே?
– மூக்கு நல்லவள், மதுரை

பதில்: நல்லெண்ணம் சரி, சுவிட்ச் தப்பு. போடும்போதும் அணைக்கும்போதும் சுவிட்சுக்குள் பொறி தெறிக்கும். கசிந்த வாயுவுக்கு அது போதும். எரிகிற மின்விளக்கு எரியட்டும், அணைந்தது அணைந்தே இருக்கட்டும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே அழைத்து வந்தபிறகு 1906க்குப் பேசுங்கள். கேஸ் கசிவுக்கென்றே உள்ள எண் அது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தேங்கும். வாசற்கதவைத் திறப்பது அதனால்தான் முக்கியம்.

அந்த வாயுவுக்கு இயல்பில் வாசனையே இல்லை. கசிந்தால் தெரியவேண்டும் என்றே நாற்றமடிக்கும் மெர்காப்டனைச் சேர்க்கிறார்கள். கலப்படம் உயிரைக் காப்பாற்றுவது இங்கே ஒன்றில்தான்!

கேள்வி: சிலிண்டர் வாயிலேயே தீ எரிந்தால்? வெடித்துவிடுமே!
– நடுங்கி, நாகர்கோவில்

பதில்: பற்றியவுடனே வெடிப்பது சினிமா சிலிண்டர். நிஜத்தில் கொஞ்சம் அவகாசம் உண்டு. அன்று மைதானத்து நடுவில் சிலிண்டர் வாயில் தீ சீறிக்கொண்டிருந்தது. வீரர் ஒருவர் நன்றாக நனைத்த சாக்கை இரண்டு கைகளாலும் கேடயம்போல் முன்னால் பிடித்து, காற்று முதுகில் படும் பக்கமாக நெருங்கி, போர்த்தி, வால்வைத் திருகினார். ‘யாராவது வர்றீங்களா?’ என்றார். ஆண்கள் எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்து போன் வந்தது. மூன்றாம் மாடி அம்மா ஒருவர், வயது அறுபதுக்கு மேல், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போய் முதல் தடவையிலேயே மூடிவிட்டு வந்தார். ‘இவ்வளவுதானா!’ என்றார். கேட்டது மறக்கும், கை செய்தது மறக்காது.

ஒன்று: தீ சிலிண்டரின் உடம்பையே சுட்டுக்கொண்டிருந்தால், அல்லது வால்வை நெருங்க முடியாவிட்டால், வீரம் வேண்டாம். வெளியே ஓடி 101ஐ அழையுங்கள். எப்போது ஓடவேண்டும் என்பதும் பாடத்தில் பாதி.

கேள்வி: எங்கள் அபார்ட்மென்டில் சிவப்பு அணைப்பான் மாட்டி எட்டு வருஷமாகிறது. போதுமா?
– அசோசியேஷன் பொருளாளர், சென்னை

பதில்: மாலையும் போட்டுவிட்டால் படம் மாட்டிய மாதிரியே இருக்கும். முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, கடைசியாகப் பரிசோதித்த தேதி என்ன என்று இன்றே பாருங்கள். பின்னைப் பிடுங்கு, தீயின் அடியைக் குறி வை, பிடியை அழுத்து, இடவலமாக வீசு: நாலே வேலைதான். ஆனால் வீட்டுக்கு வாங்கும் சின்ன அணைப்பான் பத்து நொடி அளவில் தீர்ந்துபோகும். மேலே அட்டையில் அச்சடித்திருப்பதை அப்போது படிக்க ஆரம்பித்தால் முதல் பத்தி முடிவதற்குள் பொடி முடிந்துவிடும்.

கேள்வி: சுட்ட இடத்தில் டூத்பேஸ்ட், தோசை மாவு, இங்க்... எது நல்லது?
– கைவைத்தியர், திருச்சி

பதில்: பேஸ்ட் பல்லுக்கு, மாவு கல்லுக்கு, இங்க் பேனாவுக்கு. சுட்ட கைக்குக் குழாய்த் தண்ணீர்தான். இருபது நிமிடம் ஓடவிடுங்கள். ஐஸ் வேண்டாம். வீங்குவதற்குள் மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: தீயணைப்பு வாரம் ஏன் சித்திரை பிறக்கிற நேரத்தில் வருகிறது? மாங்காய்ப் பச்சடி சாப்பிடவா?
– காலண்டர் கிழிப்பவர், சேலம்

பதில்: காரணம் கசப்பானது, வேப்பம்பூ என்று வைத்துக்கொள்ளுங்கள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ என்ற கப்பல் தீப்பிடித்தது. உள்ளே இருந்த சரக்கு: பருத்திப் பொதிகளும் வெடிமருந்தும். பஞ்சையும் நெருப்பையும் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று நம் பாட்டிகள் சொன்னதைக் கப்பலில் ஏற்றியவர்கள் கேட்கவில்லை. தீயை அணைக்கப் போன வீரர்கள் வெடிப்பில் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடெங்கும் இந்த வாரம்.

கேள்வி: பாம்பு வந்தாலும் இவர்களைத்தான் கூப்பிடுகிறோம். பாவம் இல்லையா?
– தோட்டத்து வீட்டுக்காரர், பொள்ளாச்சி

பதில்: துறையின் பெயரே ‘தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள்’தான். கிணற்றில் விழுந்த மாட்டுக்கும் அவர்களே, குடத்துக்குள் தலை சிக்கிய குழந்தைக்கும் அவர்களே. நீங்கள் பாவம் பார்ப்பதானால், தெருவில் வண்டி நுழைய வழிவிட்டு காரை நிறுத்துங்கள்.

கேள்வி: பள்ளிக்கூடத்தில் தீயைக் கொளுத்திக் காட்டுகிறார்களே, பிள்ளைகள் பயந்துவிடாதா?
– ஒரு தாய், கடலூர்

பதில்: கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பிடித்த தீ ஓலைக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் போனார்கள். அதற்குப் பிறகே பள்ளிகளில் ஓலைக் கொட்டகைகளை அகற்ற உத்தரவு வந்தது. ஓலை போனால் மட்டும் போதாது, அம்மா. எந்தப் படி வழியாக இறங்குவது, வெளியே வந்து எங்கே கூடுவது என்று உங்கள் பிள்ளைக்குத் தெரியவேண்டும். உடையில் தீப்பிடித்தால் ஓடாதே. நில், படு, உருள். புகை வந்தால் குனிந்து தவழ், நல்ல காற்று தரையோரம்தான் இருக்கும். இவற்றைப் பிள்ளைகள் விளையாட்டாகவே கற்றுக்கொள்கிறார்கள். பயமெல்லாம் நமக்குத்தான்.

கேள்வி: 101ஐ அழைத்தால் என்ன சொல்லவேண்டும்?
– பதற்றக்காரர், வேலூர்

பதில்: ‘ஐயோ, சீக்கிரம் வாங்க’ என்பது முகவரி இல்லை. எந்த இடம், பக்கத்தில் என்ன அடையாளம், எரிவது என்ன, உள்ளே ஆள் உண்டா என்ற நான்கையும் சொல்லுங்கள். அவர்கள் வைக்கும்வரை நீங்கள் வைக்காதீர்கள். 101 கிடைக்காவிட்டால் 112.

கேள்வி: இத்தனையும் நினைவில் நிற்காது. ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
– மறதிக்காரர், ஈரோடு

பதில்: திருடனுக்குப் பயந்து வாசலில் கிரில் கேட் போட்டு, ராத்திரி பூட்டுப் போடுகிறோம். அன்று அலுவலர் எங்களிடம் கடைசியாகக் கேட்டதும் அதைத்தான்: ‘சாவி எங்கே இருக்கும்?’ ஃபிரிட்ஜ் மேல் என்றார் ஒருவர், சாமி அலமாரியில் என்றார் அவர் மனைவி. இன்று இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, இருட்டில் அந்தச் சாவியைத் தேடி எடுத்துப் பூட்டைத் திறந்து பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு மேலானால், நாளைக் காலை முதல் வேலையாகக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடியுங்கள்.