ஸ்போக்கைக் கொன்று ஸ்டார் ட்ரெக்கைக் காப்பாற்றிய கதை

1979 டிசம்பர் 7. சீரியல் நின்று பத்து வருஷமாகக் காத்திருந்த ரசிகர்கள் அமெரிக்கத் தியேட்டர்களுக்குள் நுழைகிறார்கள். ஸ்டார் ட்ரெக், முதன்முறையாகப் பெரிய திரையில்! கேப்டன் கிர்க் தன் பழைய விண்கலத்தைப் பார்க்கப் போகிறார். பார்க்கிறார். சுற்றிவந்து பார்க்கிறார். கீழேயிருந்து பார்க்கிறார். எதிரி இல்லை, சண்டை இல்லை, வசனம்கூட அநேகமாக இல்லை. ஷோரூமில் புது காரைப் பார்க்கும் மனிதர் மாதிரி நிமிஷக் கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

பட்ஜெட் சுமார் நாலரைக் கோடி டாலர். ‘தி மோஷன் பிக்சர்’ என்று தலைப்பு வைத்தார்கள். ‘தி மோஷன்லெஸ் பிக்சர்’ என்று ரசிகர்களே திருத்திக்கொண்டார்கள்.

வசூல் சோடை போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தலையை மழித்துக்கொண்டு நடித்த நம்ம ஊர் மிஸ் இந்தியா பெர்சிஸ் கம்பாட்டாவுக்கும் நல்ல பெயர்தான். ஆனால் செலவுக் கணக்குப் பார்த்த பாரமவுண்ட் முதலாளிகளுக்கு நெஞ்சு வலித்தது. இத்தோடு கடையைச் சாத்தியிருக்க வேண்டிய சமாசாரம், இன்றைக்கும் ஓடிடியில் சீசன் சீசனாக ஓடுகிறது. அப்படியானால் யாரோ காப்பாற்றியிருக்கிறார்கள். யார்? இரண்டு ஸ்டார் ட்ரெக் ரசிகர்களை ஒரே அறையில் விட்டு இதைக் கேட்டுவிடாதீர்கள். அறை உங்களுடையதாக இருந்தால் நிச்சயமாகக் கேட்காதீர்கள்.

ஒரு கோஷ்டிக்கு எல்லாமே ஜீன் ராடன்பெரிதான். படைத்தவர் அவரே, காத்தவரும் அவரே. 1966இல் சீரியலை ஆரம்பித்தவர் என்பதில் சந்தேகமில்லை. வருங்காலத்தில் மனிதர்களுக்குப் பேராசை இருக்காது, பணத்தாசை இருக்காது என்று நம்பிய மகான். நிகழ்காலத்தில் அந்தக் கட்டாயம் எதுவும் அவருக்கு இல்லை.

சீரியலின் டைட்டில் இசைக்கு மெட்டுப் போட்டவர் அலெக்சாண்டர் கரேஜ். ராடன்பெரி என்ன செய்தார் தெரியுமோ? அந்த மெட்டுக்குப் பாட்டு எழுதினார். அந்தப் பாட்டு சீரியலில் ஒரு தடவைகூட ஒலிக்கவில்லை. ஒலிக்க வேண்டும் என்று அவரும் நினைக்கவில்லை. ஆனால் பாடலாசிரியர் என்று ஒருவர் வந்துவிட்டால் ராயல்டியில் பாதி அவருக்குப் போகும். போயிற்று.

1968இல் இன்னொரு கூத்து. ஒரு எபிசோடில் திடீரென்று விண்கலத்தின் கூர்க்காது அதிகாரி ஸ்போக் கழுத்தில் ஒரு பதக்கம் தொங்குகிறது. பிரபஞ்சத்தின் முடிவில்லாத பன்மையைக் குறிக்கும் உன்னதச் சின்னமாம் அது. அதே பதக்கத்தை ராடன்பெரியின் தபால் வியாபாரக் கம்பெனி ரசிகர்களுக்கு விற்கப்போகிறது என்று தெரிந்ததும் கிர்க்காக நடித்த ஷாட்னரும் ஸ்போக்காக நடித்த நிமாயும் முரண்டு பிடித்தார்கள். இன்ஸ்டாகிராமில் ‘பெய்ட் பார்ட்னர்ஷிப்’ என்று ஓரத்திலாவது போடுகிறார்களே, அந்த நாகரிகம் அன்றைக்கு இல்லை.

படைத்தவர் அவர் மட்டும்தானா? சீரியலின் எதிரிகளான கிளிங்கான் இனத்தையே உண்டாக்கியவர் ஜீன் கூன் என்கிற இன்னொரு ஜீன். அவர் 1973இல் இறந்துவிட்டதால் ராடன்பெரியோடு பங்கு கேட்க ஆளில்லை.

முதல் படத்துக்குப் பிறகும் இரண்டாவது படத்துக்கு ராடன்பெரியிடம் கதை தயாராக இருந்தது. விண்கலக் குழு காலப்பயணம் செய்து 1963க்குப் போகிறது, ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்ட சமயத்துக்கு. வரலாறு தடம் புரளாமல் இருக்க கென்னடி செத்தே ஆக வேண்டும். துப்பாக்கியைத் தூக்குவது ஸ்போக் என்று சொல்வார்கள். பாரமவுண்ட் மரியாதையாக மறுத்தது. அவர் விடவில்லை, அடுத்த படங்களுக்கும் அதே கதையோடு வந்தார்.

அவரை என்ன செய்வது? ‘நிர்வாக ஆலோசகர்’ என்று ஒரு பதவி கொடுத்தார்கள். நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் மெமோ அனுப்பலாம், நாங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் படிக்காமல் இருக்கலாம் என்பதுதான் அந்தப் பதவியின் பொருள்.

இப்போது இரண்டாவது கோஷ்டியின் நாயகன் ஹார்வ் பென்னட் மேடைக்கு வருகிறார். டிவி தயாரிப்பாளர். பெரிய தலைகள் கூப்பிட்டு, முதல் படம் எப்படி என்று கேட்டார்கள். போர் என்றார். நாலரைக் கோடிக்குக் குறைவாக உம்மால் ஒரு படம் எடுக்க முடியுமா என்று கேட்டார் பாரமவுண்டின் தாய்க் கம்பெனி முதலாளி சார்ல்ஸ் ப்ளூடார்ன். அவர் கேட்டதில் ஒரு வார்த்தையை அச்சில் போட முடியாது. அந்தக் காசில் ஐந்து படம் எடுப்பேனே என்றார் பென்னட். வேலை அவருக்கு.

ஒரே ஒரு சின்னச் சிக்கல். மனிதருக்கு ஸ்டார் ட்ரெக் பற்றி ஒன்றும் தெரியாது!

ஆனால் பென்னட் ஒரு காரியம் செய்தார். உட்கார்ந்து 79 எபிசோடையும் பார்த்தார். அந்த 79இல் சில எவ்வளவு மோசம் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும்; அந்தத் தியாகத்துக்கே ஒரு சிலை வைக்கலாம். அப்படிப் பார்க்கும்போதுதான் ‘ஸ்பேஸ் சீட்’ என்கிற 1967 எபிசோடில் மாட்டினான் கான் நூனியன் சிங். வட இந்தியாவைச் சேர்ந்தவன், அநேகமாகச் சீக்கியன் என்று கதை சொல்கிறது. நடித்தவர் மெக்சிகோக்காரர் ரிக்கார்டோ மொண்டல்பான். பெயரில் கானும் இருக்கிறது, சிங்கும் இருக்கிறது, எதற்கும் இருக்கட்டும் என்று சேர்த்துவிட்டார்கள் போல.

வில்லன் கிடைத்துவிட்டான், கதைதான் இல்லை. ஆளாளுக்கு எழுதிய திரைக்கதைகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் குவிந்து கிடந்தன. ரிலீஸ் தேதியோ முடிவாகிவிட்டது. இங்கேதான் மூன்றாவது கோஷ்டி விசில் அடிக்கும்: டைரக்டர் நிக்கலஸ் மேயர் வந்தார். எல்லாத் திரைக்கதைகளிலும் உங்களுக்குப் பிடித்ததை மட்டும் பட்டியல் போடுங்கள் என்றார். அதை வைத்து 12 நாளில் புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தார். சம்பளப் பேச்சு இல்லை, டைட்டிலில் எழுத்தாளர் என்று பெயரும் இல்லை. ஒரு மீமுக்கே வாட்டர்மார்க் போடும் நமக்கு இது புரியாது.

மேயருக்கும் ஸ்டார் ட்ரெக் தெரியாது. கூர்க்காது வைத்த ஒருவர் வருவார் என்ற அளவில்தான் ஞானம். ஹார்ன்பிளோவர் என்கிற கடற்படைக் கேப்டனின் சாகச நாவல்களை மனதில் வைத்துக்கொண்டு, இது கப்பல் கதைதானே என்று எடுத்தார். ராணுவ வாடை தூக்கலாக இருக்கிறது என்று ராடன்பெரி மெமோவுக்கு மேல் மெமோ அனுப்பினார். 1960களில் கிர்க்கை உருவாக்கும்போது அவர் மனதில் வைத்திருந்ததும் அதே ஹார்ன்பிளோவரைத்தான்.

ஸ்போக்காக நடிக்க நிமாய்க்கு இஷ்டமே இல்லை. பென்னட் ஆசை காட்டினார்: பிரமாதமான மரணக் காட்சி ஒன்று தருகிறேன். எந்த நடிகர் மறுப்பார்? செய்தி கசிந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். கசியவிட்டவர் யார் என்றதும் எல்லோர் பார்வையும் நிர்வாக ஆலோசகர் பக்கம் திரும்பியது. படத்தின் ஆரம்பத்திலேயே பயிற்சிக் காட்சி ஒன்றில் ஸ்போக்கைப் பொய்யாகச் சாகடித்து, கேள்விப்பட்டது இதைத்தான் போல என்று ரசிகர்களை ஏமாற்றினார்கள். கடைசியில் நிஜமாகவே கொன்றார்கள். படப்பிடிப்பு நிமாய்க்கு ரொம்பப் பிடித்துப்போனது. சாக வந்தவர் அடுத்த படத்தில் உயிரோடு எழுந்தார், டைரக்டராகவும்!

தலைப்பிலும் ஒரு காமெடி. மேயர் வைத்த தலைப்பைத் தூக்கிவிட்டு ஸ்டூடியோ ‘கானின் பழிவாங்கல்’ என்கிற அர்த்தத்தில் ஒன்று வைத்தது. ஸ்டார் வார்ஸ் புகழ் ஜார்ஜ் லூகாஸின் அடுத்த படமும் ‘ஜெடையின் பழிவாங்கல்’ என்று வரப்போகிறது, மோதும் என்பதால் ‘தி ராத் ஆஃப் கான்’ என்று மாற்றினார்கள். பிறகு லூகாஸும் தன் தலைப்பை மாற்றிக்கொண்டார். கடைசியில் பழிவாங்க ஆளே இல்லை.

படம் 1982 ஜூன் 4இல் வந்தது. செலவு சுமார் 1.2 கோடி டாலர். காசு போதாமல் முதல் படத்தின் காட்சிகளையே வெட்டி ஒட்டினார்கள். எதிரிக் கப்பலின் கட்டுப்பாட்டு அறை என்று நீங்கள் பார்ப்பது கிர்க்கின் கப்பல் செட்தான், கொஞ்சம் மேக்கப்போடு. கிர்க்கும் கானும் படம் முழுக்க நேருக்கு நேர் சந்திப்பதே இல்லை, எல்லாம் வீடியோ காலில்தான். முதல் வார இறுதியிலேயே 1.4 கோடி டாலர் வசூல். அன்றைக்கு அது சாதனை.

இந்த வம்சத்தில் விவரம் தெரியாமல் நல்லது செய்பவர்கள் ஆதியிலிருந்தே உண்டு. முதன்முதலில் தன் டெசிலு ஸ்டூடியோவில் சீரியலைத் தயாரிக்கத் துணிந்த லூசில் பால், ‘ஸ்டார் ட்ரெக்’ என்றால் சினிமா ஸ்டார்கள் ராணுவ வீரர்களை மகிழ்விக்க ஊர் ஊராகப் போகும் கதை என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தாராம். 2009இல் எல்லாவற்றையும் அழித்து மறுபடி தொடங்கிய ஜே.ஜே. ஆப்ராம்ஸோ, நான் ஸ்டார் வார்ஸ் பையன் என்று பகிரங்கமாகவே சொல்லிக்கொண்டார்.

என் ஓட்டு பென்னட்டுக்கு. மேயர் இல்லாமல் அந்தப் படம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 79 எபிசோட் பார்த்துக் கானைத் தேடிப் பிடித்ததும், மேயரை நம்பியதும் பென்னட்தான். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஐந்தாவது படத்துக்குப் பிறகு பென்னட் ஒரு யோசனை சொன்னார்: பழைய நடிகர்களுக்கு வயதாகிவிட்டது, பயிற்சிக் கல்லூரியில் இளம் கிர்க்கும் இளம் ஸ்போக்கும் சந்திப்பதைப் படமாக்கலாம். பழைய நடிகர்கள் எதிர்த்தார்கள், ரசிகர்கள் எதிர்த்தார்கள். ஸ்டூடியோ யோசனையைக் குப்பையில் போட்டது, பென்னட் வெளியேறினார். 2009 படத்தில் ஆப்ராம்ஸ் காட்டியதும் இளம் கிர்க், இளம் ஸ்போக், அந்தக் கல்லூரிதான். தியேட்டரில் கைதட்டல்.

அடுத்த முறை யாராவது ‘ரீபூட் என்றால் ஆப்ராம்ஸ்தான்’ என்று ஆரம்பித்தால் இதைச் சொல்லிப் பாருங்கள். வாசலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லுங்கள்.