சீட்டுக்கட்டுக் குலத்தில் ஒரு மாப்பிள்ளை

எஸ்.பி.எம். பரீட்சை முடிந்ததும் கேம் செய்யும் வேலைக்குத்தான் போவேன் என்று நீ சொன்னாலும் சொன்னாய், சிகாமட் உறவுக்காரர்கள் எல்லாம் துக்கம் விசாரிக்கிற குரலிலேயே பேசுகிறார்கள். "நல்ல குடும்பத்தில் இப்படியா?" என்கிறாள் உன் பெரியம்மா. சரி மாப்பிள்ளை, நீ போய்ச் சேரத் துடிக்கிற குடும்பம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் கேட்டுக்கொள்.

1889-ல் கியோட்டோவில் ஃபுசஜிரோ யமவுச்சி ஒரு கடை போட்டார். சரக்கு, ஹனஃபுடா என்கிற பூப்போட்ட சீட்டுக்கட்டு. வாடிக்கையாளர்களில் யாக்குசா நடத்திய சூதாட்ட விடுதிகளும் உண்டு. கடையின் பெயர் நிண்டெண்டோ. தீபாவளிக்கு உன் சித்தப்பா மூன்று சீட்டு ஆட உட்கார்ந்தால் உங்கம்மா கரண்டியைத் தூக்குகிறாளே, மரியோ பிறந்து வளர்ந்ததே அந்தக் காசில்தான்.

கொள்ளுப்பேரன் ஹிரோஷி காலத்தில் சீட்டு வியாபாரம் படுத்தது. டாக்சி விட்டார், உடனடிச் சோறு விற்றார். எதுவும் நிலைக்கவில்லை. அப்போது, 1965-ல், சீட்டு அடிக்கும் இயந்திரங்களைப் பராமரிக்க வந்து சேர்ந்தவர் குன்பெய் யோக்கோய். வேலை குறைவு, பொழுது போகவில்லை. நீட்டினால் நீண்டு தூரத்துப் பொருளைக் கவ்வுகிற ஒரு கையைச் செய்து விளையாடிக்கொண்டிருந்தார். முதலாளி பார்த்துவிட்டார். சீட்டு கிழிந்தது என்று நினைத்தவரிடம், அதையே விற்கிற மாதிரி செய்துகொடு என்றார் முதலாளி. 1966-ல் 'அல்ட்ரா ஹேண்ட்' பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. வேலை நேரத்தில் விளையாடிப் பதவி உயர்வு வாங்கிய மகான்! படத்தை மாட்டி ஊதுபத்தி கொளுத்தினாலும் தப்பில்லை.

அவருடைய சூத்திரம் ஒன்றுதான்: புதுசு வேண்டாம், மலிந்துபோன பழைய சரக்கை வேறு வழியில் யோசி. கால்குலேட்டர் திரையை வைத்து 1980-ல் 'கேம் அண்ட் வாட்ச்' செய்தார். 1989-ல் கேம் பாய். திரை பாசி பிடித்த தொட்டி மாதிரி இருக்கும், வண்ணம் கிடையாது. போட்டிக்கு அட்டாரியும் சேகாவும் வண்ணத்திரையோடு வந்தன. ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் தின்றுவிட்டு மண்ணைக் கவ்வின. உன் லேப்டாப் விசிறி லோரிபோல இரைகிறது, புதுசு வாங்கினால்தான் ஆச்சு என்று அழுகிறாயே, யோக்கோய் காதில் விழுந்தால் காறித் துப்புவார். கேம் செய்யும் கோடோ எஞ்சின் இலவசம், அந்த லேப்டாப்பே அதற்குப் போதும்.

இனி ஒப்பந்தக் கதை. அந்தக் காலத்து அட்டாரி, கேம் எழுதியவர் பெயரை எங்கேயும் போட்டதில்லை. வாரன் ராபினெட் என்பவர் 'அட்வென்ச்சர்' கேமுக்குள் ஓர் இரகசிய அறை கட்டி அதில் தன் பெயரைப் பதுக்கிவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டார். அதைத் தோண்டி எடுத்ததும் உன் வயசுப் பையன் ஒருவன்தான். அதே அட்டாரி 1982-ல் 'ஈ.டி.' கேமைச் செய்ய ஹோவர்ட் வார்ஷாவுக்குக் கொடுத்தது ஐந்தே வாரம். விற்காத சரக்கை மறு வருஷம் நியூ மெக்சிகோ குப்பைமேட்டில் புதைத்தார்கள்; 2014-ல் தோண்டி எடுத்துப் படமும் பிடித்தார்கள். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் உன் பெயர் எங்கே வரும், கெடு எத்தனை நாள் என்று கேள். வெட்கப்படாதே.

நம்மாட்களும் சும்மா இல்லை. ஃபைனல் ஃபேன்டசி 15-ல் உழைத்த வான் ஹஸ்மர் ஜப்பானிலிருந்து மலேசியா திரும்பி, மெட்ரோனோமிக் என்று கம்பெனி தொடங்கி 2020-ல் 'நோ ஸ்ட்ரெய்ட் ரோட்ஸ்' வெளியிட்டார். டொரண்டோவில் ஒரு தமிழ்ப் பிள்ளை இட்லித்தட்டை அடுக்குவதையே புதிராக்கி 2023-ல் 'வெண்பா' கொண்டுவந்தான். அடுத்த வருஷம் பாஃப்டா விருது! உங்கம்மா தினம் அடுக்குகிறாள், ஒரு டம்ளர்கூடக் கிடைத்ததில்லை.

நீ டிராகன் சண்டையெல்லாம் விடு. 2011 வெள்ளத்தில் சிகாமட் ஆறு ஊருக்குள் வந்ததே, அதைச் செய். ஒரே வீடு, ஒரே திரை, ஐந்து நிமிஷம், தண்ணீர் ஏறுகிறது. மாடிக்கு எதை முதலில் தூக்குவது? ஃபிரிட்ஜா, தையல் மெஷினா, சாமி படமா? மூன்று மாதத்தில் முடி, முடிக்காமல் அடுத்ததைத் தொடாதே. பெரியம்மாவின் நகைப்பெட்டிக்கு எத்தனை புள்ளி, பெரியப்பாவுக்கு எத்தனை புள்ளி என்பதை மட்டும் வீட்டில் யாருக்கும் காட்டாதே.