பழியை எம்மேல போடு

வா கண்ணு. தேருக்குக் கைப்புள்ளையத் தூக்கிகினு வரேன்னு சொன்னியாமே, உங்க ஆயா அப்பவே வெள்ளிக் கொலுசைத் தேட ஆரம்பிச்சுட்டா. வேண்டிகினது வேண்டிகினதுதான். தீபத் திருவிழா ஏழாம் நாளு கரும்புல தொட்டில் கட்டி, புள்ளையப் போட்டு மாடவீதி சுத்துங்க. முன்னால நீ, பின்னால உன் வீட்டுக்காரன். நடுவுல அவன் போனை எடுத்து செல்பி புடிக்காம இருக்கணும்னு இன்னொரு வேண்டுதலும் வெச்சுக்கோ.

ஊர்க் கும்பலுக்கு வழி இருக்கு. காத்தாலயே சுத்திட்டு வந்துடு, தேர் வடத்துப் பக்கம் போவாத. அது தேரைப் பாக்க வந்த கும்பலு. நம்ம கூடத்துல பாய் போட்டு உக்காந்திருக்கே ஒரு கும்பலு, அது உம்புள்ளையப் பாக்க வந்தது. அதுக்குத்தான் பயப்படணும்.

வல்லாள மகாராஜா கதை தெரியுமில்ல? புள்ளை இல்லாத ராஜா. அண்ணாமலையாரே ராணி கையில கொழந்தையா வந்தாரு. ராஜா ஆசையா வாங்கிக் கட்டிப் புடிச்சாரு, புள்ளை மறைஞ்சே போச்சு. கை மாறுனதும் சாமியே தாங்கல. உம்புள்ளை நம்ம வீட்டுல எத்தனை கை மாறணும், எண்ணிப் பாரு. பெரியத்தை வெத்தலை வாயோட கன்னத்துல ஒண்ணு குடுக்கும். உங்க மாமா பத்து நாளா இருமறாரு. கேட்டா, ‘வெறும் சூடு’ம்பாரு. கக்குவானுக்கும் சேத்துப் போடற ஊசி ஒன்றரை, ரெண்டரை, மூணரை மாசம்னு மூணு தவணை. உம்புள்ளைக்கு ஒண்ணுதான் ஆச்சு. மிச்சத்தை மாமா இருமலா போட்டுடப் போறாரு.

அப்புறம் ஒருத்தி நாக்குல தேன் தடவ வருவா. ஒரு வயசு வரைக்கும் தேன் ஆவாது. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால்தான், தண்ணிகூட வேணாம். “நாங்கல்லாம் வளக்கலையா?”ம்பா. வளத்தா, யாரு இல்லேன்னா? வளராம போனதுங்களை மட்டும் அவ கணக்குல சேக்கமாட்டா.

டாக்டர் சொன்னாருன்னு மட்டும் வாயைத் தொறக்காத. ஆளுக்கொரு டாக்டர் ஆயிடுவாங்க. ‘வேண்டுதல் முடியற வரைக்கும் கை கழுவாம தொடக் கூடாது, முத்தம் கூடவே கூடாது’ன்னு சொல்லு. சத்தம் வராது. யாரு சொன்னதுன்னு கேட்டா என்னைக் காட்டு. பெருசுக்கு மூளை கொழம்பிப் போச்சுன்னு நீயே சொல்லிக்கோ, எனக்கொண்ணும் ரோஷம் கெடையாது.

தீபத்தன்னிக்கு ஆறு மணிக்கு வெளிய போவாத. 2668 அடி மலை, மொட்டைமாடியில நின்னாலே தெரியும். ஒரு கும்புடு போட்டுட்டு வேட்டுப் பொகை வரதுக்குள்ள கீழ எறங்கிடு. 14 கிலோமீட்டர் கிரிவலம் உன் வீட்டுக்காரனுக்கு. அவன் தொப்பைக்கும் ஒரு வேண்டுதல் இருக்கட்டும். ராத்திரி கூடத்துல எல்லாரும் உருள்ற எடத்துல புள்ளைய நடுவுல போடாத, தனியா ஏணை கட்டித் தரேன். 100.4 டிகிரி சூடு காட்டுச்சுன்னா விபூதி பூசு, வேணாங்கல. ஆனா பூசிகினே பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறிடு. மூணு மாசம் ஆவாத புள்ளைக்கு ‘விடியட்டும்’னு காத்திருக்கறதெல்லாம் கூடாது.

நான் வாசல்லயே சோப்பும் சொம்புமா உக்காந்திருக்கேன். மொதல்ல உன் மாமியாரைக் கை கழுவ வெக்கறேன், பாரு. நாப்பது வருசமா அந்தம்மா குடும்பத்துக்கு ஒரு வேலை சொல்லணும்னு எனக்கும் ஆசைதான்.