தோற்றவரை ஜெயிக்க வைத்த தலைப்பு

கேள்வி: வாக்கு எண்ணி முடிவதற்குள்ளேயே ஒரு பத்திரிகை ஜனாதிபதியைத் தோற்கடித்ததுண்டா?

பதில்: உண்டு. 1948 நவம்பர் 3 அன்று ‘சிகாகோ டெய்லி டிரிப்யூன்’ முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்த தலைப்பு: ‘ட்ரூமனைத் தோற்கடித்தார் டூயி’. ட்ரூமன் அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி; டூயி அவரை எதிர்த்து நின்ற வேட்பாளர்.

அச்சுக்கோப்பாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். செய்தியைத் தட்டச்சு செய்து, படம்பிடித்து, தகடு எடுத்து அச்சிட வேண்டும். முடிவுக்குக் காத்திருக்க நேரமில்லை. கருத்துக்கணிப்புகளும் டூயி பக்கம். வாஷிங்டன் நிருபர் ஆர்தர் ஹென்னிங் வேறு அடித்துச் சொல்லிவிட்டார். சுமார் 1,50,000 பிரதிகள் பறந்தன.

விடிந்தால் ட்ரூமனுக்கு 303, டூயிக்கு 189 தேர்வாளர் வாக்குகள்!

மறுநாள் செயின்ட் லூயிஸ் ரயில் நிலையத்தில் ட்ரூமன் அந்தப் பேப்பரைத் தூக்கிப் பிடித்து, வாயெல்லாம் பல்லாக நின்றார். தன்னைக் காய்ச்சி எடுத்த பத்திரிகைக்கு மறுப்பு எழுதும் வேலையே அவருக்கு வரவில்லை. அவர்கள் அச்சிட்டதைக் காட்டியதே போதுமானதாக இருந்தது.