டிராகனுக்குத் தீனி யாரு வைப்பா?

மருமவனே, நீ செல்போன்ல அனுப்பின கதையைப் பேத்தி வாசிச்சுக் காட்டினா. லண்டன் பட்டணத்து நடுவுல டிராகன் எறங்குது, நெருப்பைக் கக்குது, கட்டடம் எரியுது. மந்திரவாதி வாரான், கோலை ஆட்டுதான், தீ அணையுது, சனமெல்லாம் கைதட்டுது. முற்றும். நல்லாத்தான் இருக்கு. உன் அத்தைதான், "நல்ல வேலையில இருந்த புள்ள, யாரு கண்ணு பட்டுச்சோ"ன்னு மூக்கைச் சிந்தினா.

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எழுது. ஹாரி பாட்டர் எழுதின ரௌலிங் அம்மா சம்பாதிச்சதை மனசுல கணக்குப் போட்டுத்தான் நீயும் எறங்கியிருக்கேன்னு தெரியும். அதுலயும் குத்தமில்ல. ஆனா கோடை லீவுல பேத்தி திண்ணையில உக்காந்து அந்த ஏழு புஸ்தகத்தையும் எனக்கு ஒண்ணுவிடாமச் சொல்லி முடிச்சா, பாத்துக்க. நான் மாடு வளர்த்த ஆளு. அதுல மந்திரம் எனக்குப் பெருசாப் படல, தீனிக்கணக்குதான் பெருசாப் பட்டுது.

ஹாக்ரிட்டுன்னு ஒருத்தன். பள்ளிக்கூடத்துக் காட்டுக்குக் காவக்காரன், ரெட்டை ஆள் ஒசரம். ஒருநாள் ராத்திரி சாராயக்கடையில, முகங்கூடச் சரியாத் தெரியாத ஒருத்தன்கிட்ட சீட்டாடி டிராகன் முட்டையை ஜெயிச்சுட்டு வாரான். சீட்டாட்டத்துல வந்த சொத்து யாருக்கு நெலைச்சிருக்கு, அது வேற பேச்சு. முட்டையை அடுப்பு நெருப்புக்குள்ள வச்சுப் பொரிக்க வைக்கான். குடியிருக்கிறதோ மரவீடு! கூட இருக்கிற பொட்டப்புள்ளதான் அதை எடுத்துச் சொல்லுது, அவன் காதுல ஏறல. குஞ்சு வெளிய வந்ததும் அரை மணிக்கு ஒரு தரம் ஒரு வாளி பிராந்தியில கோழி ரத்தத்தைக் கலந்து ஊத்தணும்னு புஸ்தகத்துல பாத்து வச்சிருக்கான்.

அரை மணிக்கு ஒரு வாளின்னா நாளைக்கு 48 வாளி. நம்மூரு டாஸ்மாக்குல சாயங்காலம் நிக்கிற கூட்டத்தைத் தள்ளிட்டு அவன் எப்ப வாங்க, டிராகன் எப்ப குடிக்கன்னு நான் கேட்டேன். பேத்தி முறைச்சா. பொறவு குஞ்சு வளருது, பெட்டி பெட்டியா எலி போடுதான், அந்தப் பொட்டப்புள்ளகூடப் படிக்கிற பையன் கையைக் கடிச்சு வீங்க வச்சிருது. கடைசியில, ருமேனியாவுல டிராகன் பராமரிக்கிற சார்லிங்கிறவனுக்கு ஆள் சொல்லி அனுப்பி, ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கோபுரத்து உச்சியில வச்சுக் கைமாத்தி விடுதாக. நம்ம பக்கம் ஊரை முட்டுற மாட்டை ராவோட ராவா வண்டியில ஏத்தி அனுப்புறது உனக்குத் தெரியாததா?

அந்தக் குஞ்சுக்கு நார்பர்ட்டுன்னு ஆம்பளப் பேரு வச்சான். ஏழாவது புஸ்தகத்துல சார்லி வந்து, அது பொட்டை, இப்ப நார்பெர்ட்டான்னு கூப்பிடுதோம்னு சொல்லுதான். வளர்க்கிறவனுக்கே ஆணா பொண்ணான்னு பாக்கத் தெரியல! எப்படிக் கண்டுபிடிச்சீகன்னு கேட்டா, பொட்டைகதான் ரொம்ப மூர்க்கமா இருக்கும்னு பதில். உன் அத்தை பக்கத்துலயே உக்காந்திருந்ததால நான் அதுக்கு மேல அந்தப் பேச்சை வளர்க்கல.

நீ உன் டிராகனுக்கு என்ன வச்சே மருமவனே? ஒரு வாய் தண்ணிகூட வைக்கல. பட்டினி கெடக்கிற சீவன் எங்கயிருந்து நெருப்பைக் கக்கும்?

அடுத்து, ரிக்கார்டு. உன் டிராகன் யாரைக் கேட்டு லண்டனுக்குள்ள நொழைஞ்சுது? அந்த அம்மா கதையில 1709-லயே மந்திரவாதிக மாநாடு கூட்டி, டிராகன் வளர்க்கக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாக. மந்திரத்துக்குன்னு தனி அமைச்சகம் இருக்கு. லண்டன்ல ஒரு சிவப்பு டெலிபோன் கூண்டுக்குள்ள நின்னு 62442-ன்னு சுத்தினா, எதுக்கு வந்தேன்னு கேட்டுச் சட்டையில குத்திக்கிற வில்லை வரும். கூண்டு பூமிக்குள்ள எறங்கும். உள்ள போனா ஒரு காவக்காரன் மந்திரக்கோலை வாங்கி, பித்தளைத் தராசுல வச்சு, இத்தனை அங்குலம், உள்ள ஃபீனிக்ஸ் இறகு, நாலு வருசமா உபயோகத்துல இருக்குன்னு வந்த சீட்டைக் கிழிச்சு வச்சுக்கிட்டு, கோலைத் திருப்பிக் குடுக்கான். தாலுகா ஆபீசுக்குப் பட்டா மாத்த அலைஞ்சவன் நான். அந்த எடத்துலதான் எனக்கு இந்தக் கதை நெசம்னு நம்பிக்கை வந்துது.

இதையும் கேளு. ஆறாவது புஸ்தகத்து மொத அத்தியாயத்துல, மந்திர அமைச்சர் இங்கிலாந்துப் பிரதமர் ரூம்புக்குக் கணப்படுப்பு வழியா வாரான். இதுக்கு முன்னயும் இப்படித்தான் வந்து பயமுறுத்திட்டுப் போயிருக்கான். அப்படி ஒருநாள் வந்தவன், மூணு வெளிநாட்டு டிராகனையும் ஒரு ஸ்பிங்க்ஸையும் போட்டிக்காக நாட்டுக்குள்ள கொண்டாரோம், ஆபத்தான மிருகம் கொண்டாந்தா உங்களுக்குத் தெரியப்படுத்தணும்னு விதி இருக்கு, அதான் சொல்லிட்டேன்னு சாதாரணமாச் சொல்லிட்டுப் போறான். பேத்தியை நிறுத்தச் சொல்லிட்டேன். "ஏட்டி, போட்டியில நாலு டிராகன்லா வந்துது? இவன் என்ன மூணுங்கான்?"ன்னு கேட்டேன். அவ நாலாவது புஸ்தகத்தைப் பொரட்டிப் பாத்தா. ஸ்வீடன் டிராகன் ஒண்ணு, சீனா டிராகன் ஒண்ணு, ஹங்கேரி டிராகன் ஒண்ணு. நாலாவது வேல்ஸ் நாட்டுப் பச்சை டிராகன். அது உள்ளூர்ச் சரக்கு! அதுக்கு எதுக்கு இறக்குமதி நோட்டீசு? வேல்ஸ்காரன் கொடியிலயே டிராகன்தான் நிக்குது, கொடியில மட்டும் செவப்பு. எங்க எழுதினதை எங்க கொண்டாந்து நேராக்குதா பாரு அந்தப் பொம்பளை. ரெண்டு புஸ்தகம் தள்ளி, போறபோக்குல ஒரு வரி. எந்தப் புள்ளையும் எண்ணிப் பாக்காது. ஒருவேளை எண்ணிப் பாத்துட்டா?

இன்னொருத்தன், பெர்சின்னு. வேலைக்குச் சேந்த புதுசு. கொப்பரையோட அடித்தகடு எத்தனை கனம் இருக்கணும்னு ராத்திரி பகலா அறிக்கை எழுதுதான். வெளிநாட்டுக் கொப்பரை லேசா இருக்கு, ஒழுகல் வருசத்துக்கு 3 சதவீதம் கூடுதாம். டிராகனும் பேயும் சுத்துற ஊருல இவன் கொப்பரையைத் தட்டிக்கிட்டு இருக்கான். அவன் மேசைக்கு நார்வேயிலருந்து உரம் மாதிரி வந்துது, டிராகன் சாணம். அனுப்பினது அவன் தம்பிக ரெண்டு பேரு, குறும்புக்கு. அவன் அதைச் சர்க்கார் தபால்னே நம்பிட்டான். நீ பெங்களூருல எந்நேரமும் கம்ப்யூட்டர்ல தட்டுதியே, என்ன செய்யுதேன்னு கேட்டா எனக்குப் புரியுற மாதிரி இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல. பெர்சியை எழுத உன்னைவிடத் தோதான ஆளு கிடைக்காது.

அவுக அப்பன் இன்னும் கெட்டிக்காரன். நம்மளை மாதிரி மந்திரம் தெரியாத சனத்தோட சாமான்ல மந்திரம் ஏத்தக் கூடாதுங்கிற சட்டத்தை எழுதினவனே அவன்தான். வீட்டுல ஒரு பழைய ஃபோர்டு ஆங்லியா காரைப் பறக்கிற மாதிரி மாத்தி வச்சிருக்கான். கேட்டா, பறக்கிற உத்தேசம் இல்லாம வச்சிருந்தாச் சட்டப்படி தப்பில்லைங்கான். சட்டம் எழுதையிலயே சந்து வச்சு எழுதியிருக்கான். எந்த நாட்டுக்காரனா இருந்தா என்ன.

உன் மந்திரவாதி கோலை ஆட்டினா எல்லாம் நடக்கு. அங்கதான் கதை செத்துப்போச்சு. மந்திரத்துக்கும் மூக்கணாங்கயிறு வேணும்யா, இல்லாட்டி அது கதையைக் கொம்புல தூக்கிட்டு ஓடிரும். அவ கதையில 17 வயசு ஆகாத புள்ளை பள்ளிக்கூடத்துக்கு வெளிய மந்திரம் போட்டா ஆந்தை வழியா எச்சரிக்கைக் கடுதாசி வந்துரும். முக்கியமான ஒண்ணு, மந்திரத்தால ஒண்ணுமில்லாததுலருந்து சோறு ஆக்க முடியாது. இருக்கிறதைப் பெருக்கலாம், இருக்கிற எடம் தெரிஞ்சா வரவழைக்கலாம். அதனால கடைசிப் புஸ்தகத்துல மூணு புள்ளைக, கையில மந்திரக்கோலை வச்சுக்கிட்டு, காட்டுக்குள்ள கூடாரத்துல வயிறு காஞ்சு ஒருத்தரை ஒருத்தர் எரிஞ்சு விழுதுக. சண்டைக்காட்சி எத்தனையோ வந்துது, பேத்தி அசரல. இந்தப் பட்டினியை வாசிக்கையிலதான் எந்திரிச்சுப் போய் ரெண்டு முறுக்கு எடுத்துட்டு வந்து எனக்கும் ஒண்ணு குடுத்தா.

செல்போன் விசயமும் இருக்கு. உன் மந்திரவாதி கையில செல்போன். பொறவு என்ன ஆபத்து? ஒரு போன் போட்டா ரெண்டாம் பக்கத்துல கதை முடிஞ்சிரும். அவ தப்பிச்சுட்டா. பள்ளிக்கூடத்துப் பேய் ஒண்ணு 1492-ல செத்து 500-வது நினைவுநாள் கொண்டாடுது. அதை வச்சுக் கணக்குப் பாத்தா கதை 1990-கள்ல நடக்கு. போதாக்குறைக்கு, அந்தப் பள்ளிக்கூடத்துக் காத்துல மந்திரம் கூடிப்போனதால கரண்டு சாமான் எதுவும் ஓடாதுன்னு வேற சொல்லிட்டா. அதனால ஆந்தை பறக்கு, கடுதாசி வருது, வரவேண்டிய கடுதாசி வராம நம்ம வயித்தைக் கலக்குது. நீ இந்தக் காலத்துலதான் எழுதுவேன்னா அந்தப் போனை என்ன செய்யப்போறேன்னு மொதல்ல முடிவு பண்ணு. சார்ஜ் தீந்துபோச்சுன்னு மட்டும் எழுதாத, பேத்திக்கே சலிச்சுப்போச்சு.

காசுகூட அவுககிட்டத் தனி. ஒரு தங்கக்காசுக்கு 17 வெள்ளி, ஒரு வெள்ளிக்கு 29 வெண்கலம். பெருக்கிப் பாரு, 493. பேத்தி சிரியா சிரிச்சா, இப்படியும் ஒரு கணக்கா தாத்தான்னு. எனக்குச் சிரிப்பு வரல. நான் சின்னப்பயலா இருக்கையில ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக 192. 1957-ல நயா பைசா வந்து அதை ஒழிச்சுது. இங்கிலாந்துக்காரன் 1971 வரைக்கும் பவுனுக்கு 240 பென்னின்னு எண்ணிக்கிட்டு இருந்தவன்தானே.

இதெல்லாம் இந்த அம்மா புதுசாக் கண்டுபிடிச்சதுன்னும் நெனைக்காத. நெஸ்பிட்டுன்னு இங்கிலாந்துல ஒரு அம்மா, நூறு வருசத்துக்கு மேல ஆச்சு, 1900-லயே டிராகன் கதைப் புஸ்தகம் போட்டிருக்கா. அதுல ஒரு சிறுமி கண்ணுல தூசி விழுது. அப்பா டாக்டர், எடுத்து மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாக்காரு. நாலு காலு, ரெண்டு றெக்கை. டிராகன்! கட்டடத்தை எரிக்கலையே. கண்ணுல விழுந்த தூசியிலயே தொடங்குதா பாரு. 1902-ல அவளே இன்னொரு கதை எழுதினா. மணல் பூதம் ஒண்ணு புள்ளைகளுக்குத் தெனம் ஒரு வரம் குடுக்கு, பொழுது சாயற வரைக்கும்தான் செல்லும். புள்ளைக தங்கம் கேக்குதுக. பள்ளம் நிறையத் தங்கக்காசு, ஆனா அரதப்பழசு. கடைக்காரன் ஒருத்தனும் வாங்க மாட்டேங்கான். ஏது இவ்வளவு காசுன்னு போலீசுல கொண்டுபோய் நிறுத்திருதாக.

சி. எஸ். லூயிஸ் 1952-ல எழுதின கதையில ஒரு பய வருதான். அவன் படிச்ச புஸ்தகமெல்லாம் ஏற்றுமதி, இறக்குமதி, சாக்கடைன்னு அறிவு வளர்க்கிற வகை. அதனால டிராகன் குகைக்குள்ள நின்னும் அது டிராகன் குகைன்னு அவனுக்குத் தெரியல. புதையல் மேல பேராசையோட படுத்துத் தூங்கினான், எந்திரிக்கையில அவனே டிராகன். உன் மகன் கதைப்புஸ்தகம் தொட்டாப் புடுங்கி வச்சுட்டு கைடு வாங்கிக் குடுக்கியாமே. கொஞ்சம் சூதானமா இரு. ராத்திரி அவன் மொதுகைத் தடவிப் பாரு, செதில் தட்டுப்படுதான்னு.

ரௌலிங் அம்மா கதையில சிரிக்காத எடம் ஒண்ணும் இருக்கு. லண்டன்ல பேங்கி ஒண்ணு, பூமிக்கடியில லாக்கருக்குக் காவலா டிராகனைச் சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருக்காக. வெளிச்சம் படாம உடம்பு வெளுத்து, கண்ணும் பாதி போச்சு. ஒரு இரும்புச் சாமானைக் குலுக்கினாச் சத்தத்துக்கு நடுங்கிப் பின்னால போகும். அந்தச் சத்தத்துக்குப் பொறவு வலி வரும்னு அடிச்சுப் பழக்கி வச்சிருக்கான். கடைசியில அந்த மூணு புள்ளைக அதோட சங்கிலியை அறுத்து முதுகுல ஏறுதுக. அது கூரையைப் பேத்துக்கிட்டு லண்டன் ஆகாசத்துல பறக்கு, முதுகுல ஆள் இருக்கிறதே அதுக்குத் தெரியாது. பேத்தி சொல்லையில நான் துண்டால முகத்தைத் தொடச்சேன். வேர்வைதான், கோடைக்காலம்லா.

லண்டன்லயே கதையை வைக்கணும்னா ஒரு நடை போய்ப் பாத்துட்டு எழுது. கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன்ல 9-க்கும் 10-க்கும் நடுவுல ஒரு தடுப்பு, அதுக்குள்ள ஓடினா ஒன்பதே முக்கால் பிளாட்பாரம்னு எழுதினா ரௌலிங் அம்மா. எழுதையில அவ இருந்தது மான்செஸ்டர்ல. மனசுக்குள்ள யூஸ்டன் ஸ்டேஷனை வச்சுக்கிட்டு எழுதிட்டேன்னு பின்னால அவளே சொல்லிட்டா. நெச கிங்ஸ் கிராஸ்ல 9-க்கும் 10-க்கும் நடுவுல கெடக்கிறது தண்டவாளம்! ரயில்காரன் என்ன செஞ்சான் தெரியுமா? வேற எடத்துல ஒரு சுவத்துல பாதித் தள்ளுவண்டியைப் பதிச்சு, மேல ஒன்பதே முக்கால்னு பலகை மாட்டி விட்டான். சனம் வரிசையில நின்னு போட்டோ புடிக்கு. நீ தப்பா எழுதினா உனக்காக ஸ்டேஷனை யாரு மாத்துவா?

அச்சுப்போடுறவுக பத்தி ஒண்ணு. அந்த மொதப் புஸ்தகத்தை 12 பேரு வேண்டாம்னு திருப்பி அனுப்பியிருக்காக. ப்ளூம்ஸ்பரி கம்பெனித் தலைவர் மொத அத்தியாயத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் எட்டு வயசு மக கையில குடுத்தாரு. அவ வாசிச்சுட்டு மிச்சம் எங்கன்னு நச்சரிச்சுட்டா. அப்படியும் தைரியம் வரல பாரு, 1997 ஜூன்ல கெட்டி அட்டையில அடிச்சது 500 பிரதி. புள்ளைக புஸ்தகத்துல காசு வராது, வேற வேலை தேடிக்கிடுங்கன்னு எழுதினவகிட்ட புத்தி வேற சொல்லியிருக்காக. உன் அத்தை சொன்னதும் அதேதான், நீ மனசுல வச்சுக்கிடாத.

அதனால திருத்தி எழுதினதை எனக்கு அனுப்பாத, பேத்திக்கு அனுப்பு. எங்க கொட்டாவி வருதோ அந்தப் பக்கத்துல பென்சில்ல ஒரு கோடு போடச் சொல்லியிருக்கேன். போன தடவை அனுப்பினதுல கோடு போட்டாளான்னு கேக்கியா? பென்சில் தீந்துபோச்சு மருமவனே. வரும்போது ஒரு டப்பா வாங்கிட்டு வா.