பிடி அரிசிக் காலம்

திருநீற்றுப் புதன் அன்று மட்டும் எங்கள் பள்ளியில் எல்லா நெற்றியும் ஒன்றாகிவிடும். விடியற்காலைப் பூசைக்குப் போய்வந்த கத்தோலிக்கப் பையன்கள் நெற்றியில் சாம்பலால் போட்ட சிலுவையோடு வருவார்கள். நாங்கள் வழக்கம்போல வீட்டில் பூசிய விபூதியோடு வருவோம். வெயில் எட்டிப் பார்க்கத் தொடங்கிய அந்த நாட்களில் மதியத்துக்குள் வியர்வை இரண்டையும் கலைத்துவிட, எது எந்தச் சாம்பல் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றிலிருந்து ஈஸ்டர் வரை தவக்காலம். வகுப்பின் மூலையில் பழைய டால்டா டின் ஒன்று வந்து உட்காரும். காலையில் அம்மா உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி தனியே எடுத்து, காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். அதைக் கொண்டுவந்து டின்னில் கொட்ட வேண்டும். எழுபதுகளில் தாமிரபரணிக் கரையில் சாமியார்கள் நடத்திய பள்ளி எங்களுடையது. உங்கள் ஊரில் கன்னியர் மடத்துப் பள்ளியாக இருந்திருக்கலாம், டின்னுக்குப் பதில் மண் உண்டியல் இருந்திருக்கலாம். பிடி அரிசி இல்லாத கத்தோலிக்கப் பள்ளி அந்நாளில் எங்கள் சீமையில் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பண்ணையார் வீட்டுப் பச்சரிசியும், கூலி வேலைக்குப் போகும் வீட்டின் ரேஷன் புழுங்கலும், எங்கோ விளைந்த சிவப்பரிசியும் அந்த டின்னுக்குள் ஒன்றாகக் கிடக்கும். சனிக்கிழமை அதை மூட்டையாகக் கட்டி வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது, வாங்கிக்கொள்ளும் பாட்டிகள் ஒரு குறை சொல்வார்கள். ஒரே பானையில் பாதி குழைகிறதாம், பாதி விறைத்து நிற்கிறதாம். சொல்லிக்கொண்டேதான் முறத்தை எடுத்து அரிசியைப் புடைக்க உட்காருவார்கள்.

இன்று அதே தவக்காலத்தில் பல பள்ளிகளின் வாசலில் சதுரக் கட்டம் அச்சிட்ட தாள் ஒட்டியிருக்கிறது. பெற்றோர் கைப்பேசியைக் காட்டினால் பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 1962இல் தொடங்கிய காரித்தாஸ் இந்தியா போன்ற அமைப்புகளுக்கு ஒழுங்காகக் கணக்கோடு போகும் அந்தப் பணத்தில் எங்கோ வெள்ளத்தில் வீடிழந்தவருக்குக் கூரை எழும்புகிறது. எங்கள் டால்டா டின்னால் அது ஒருநாளும் ஆகியிருக்காது. நல்லதுதான், மனதார நல்லதுதான். ஆனாலும் காலையில் அடுப்படியில் அம்மா பக்கத்தில் நின்று, அந்தப் பிடி சிறுத்துவிடாமல் பார்த்துக்கொண்ட சிறுவனுக்கு அதில் வேலை இல்லாமல் போயிற்று. என் பிடி பெரிதா உன் பிடி பெரிதா என்று எங்களுக்குள் நடந்த போட்டியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கை சின்னதாக இருக்கிறதே என்று அப்பாவின் கையால் அள்ளச் சொல்லிக் கொண்டுவந்தவன்கூட எங்கள் வகுப்பில் உண்டு.

வாரத்தில் சில நாள் முதல் பாடவேளையில் மணி அடித்ததும் வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் உள்ளே மறைக்கல்விக்கு இருப்பார்கள். மற்றவர்கள் நாங்கள் வேப்பமரத்தடிக்கு நீதிபோதனைக்குப் போவோம். அவர்களுக்கு மந்திரங்கள், பத்துக் கட்டளை, தேவதிரவிய அனுமானங்கள். எங்களுக்கு ஆத்திசூடியும் திருக்குறளும் காந்தியும். நல்ல சமாரியன் கதையை மட்டும் இரண்டு இடத்திலும் சொன்னார்கள். அடிபட்டு வழியில் கிடந்தவனைக் குருவும் லேவியனும் பார்த்துவிட்டு விலகிப்போக, வேற்று இனத்தான் ஒருவன் நின்று காயத்துக்கு எண்ணெய் வார்த்து, சத்திரத்தில் சேர்த்து, செலவுக்கும் கொடுத்துவிட்டுப் போன கதை. மரத்தடியில் அதைக் கேட்ட எங்களுக்கு அதில் நாங்கள் யார் என்பதில் சந்தேகமே வரவில்லை. வேற்றாள்தான் கதாநாயகன், அப்படியானால் நாங்களும் போகலாம்.

அப்படித்தான் நான் ஏழை வீடுகளுக்கு உதவப் போகும் வின்சென்ட் தே பவுல் சபைப் பையன்களோடு தொற்றிக்கொண்டேன். சபைப் புத்தகத்தில் என் பெயர் கிடையாது. கூடப் போக யாரும் தடை சொல்லவுமில்லை. கூட்டம் செபத்தில் தொடங்கும், நான் கைகட்டி நிற்பேன். முடிவில் ஒரு துணிப்பை சுற்றி வரும். மூடிய கையை உள்ளே விட்டு, மூடிய கையாகவே வெளியே எடுக்க வேண்டும். எட்டணா போட்டவன் யார், வெறுங்கையை விட்டு எடுத்தவன் யார் என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. போர்டிங்கில் இலவசமாகச் சாப்பிடும் பையனும் அரிசி மண்டிக்காரர் மகனும் அந்தப் பைக்கு முன்னால் சமம். பிறர் மானத்தைக் காப்பது என்றால் என்னவென்று எந்த நீதிபோதனை வகுப்பைவிடவும் அந்தப் பைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. இன்றைக்கு நன்கொடை கொடுத்தவர் பட்டியல் பலகையில் தொகையோடு எழுதப்படுவதைப் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இந்தச் சபையைத் தொடங்கியவர்களும் மாணவர்களே என்பதை எங்களுக்கு பிரதர் ஒருவர் சொன்னார். 1833, பாரிஸ் நகரம். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஃபிரெடெரிக் ஓசனாமுக்கு அப்போது வயது 20. உங்கள் மதம் முன்காலத்தில் நல்லது செய்திருக்கலாம், இப்போது ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று விவாத அரங்கில் மாற்றுக் கருத்துக்காரர்கள் கேட்ட கேள்விக்கு அவரும் நண்பர்களும் மேடையில் மறுமொழி தேடவில்லை. விறகைத் தூக்கிக்கொண்டு ஓர் ஏழை வீட்டுக்குப் போனார்கள். சேரிகளுக்கு வழிகாட்டியவர் ரோசலி ரெந்து என்ற கன்னியாஸ்திரீ. இரண்டிரண்டு பேராக வீடு தேடிப் போவது என்று அன்று தொடங்கிய வழக்கம், கடல் தாண்டி, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து, செருப்பில்லாத கால்களோடு எங்கள் ஊர் வண்ணார்பேட்டைச் சந்துகள் வரை வந்து சேர்ந்திருந்தது.

எனக்கும் என் கூட்டாளி ஒருவனுக்கும் கிடைத்தது ஓர் ஆச்சி வீடு. பார்வை மங்கியவர், தனிக்கட்டை. அரிசிப் பொட்டலத்தை வைத்துவிட்டு விளையாடப் போகும் அவசரத்தில் நாங்கள் எழுந்தால், "ஏன் ஓடுதிய? செத்த உக்காந்து பேசிட்டுப் போங்கய்யா" என்பார். உட்கார்ந்தோம். கருப்பட்டிக் காப்பி போட்டுத் தருவார். நாங்கள் கொண்டுபோன அரிசியின் விலையைவிட அந்தக் காப்பி அவருக்கு அதிகச் செலவு வைத்திருக்கும் என்பது இப்போது புரிகிறது. கொடுக்க வந்தவர்களுக்கு எதையாவது கொடுக்காமல் அனுப்பக் கூடாது என்பது அவர் வைத்திருந்த நீதி. அவர் கணவர் கொழும்பில் கடை வைத்திருந்த கதை, கப்பலில் போன கதை, 58 கலவரத்தில் எல்லாம் போன கதை எனச் சனிக்கிழமை தவறாமல் சொல்லுவார். சொன்ன கதையையே திரும்பச் சொன்னாலும் நாங்கள் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்போம். கண்ணாடிக்கு அளவெடுக்க அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனதும், ரேஷன் கடையில் அவர் கார்டுக்காக வரிசையில் நின்றதும், யாரும் எங்களுக்கு இட்ட வேலைகள் அல்ல. போய்க்கொண்டே இருந்தோம், ஆகவே தெரிந்தது. தெரிந்தது, ஆகவே செய்தோம்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு மனமில்லை. பள்ளிக் கிடங்கில் கைகுலுக்கும் படம் போட்ட அமெரிக்கக் கோதுமை மூட்டைகள் அடுக்கியிருக்கும். 1954இல் அந்நாட்டில் வந்த பி.எல். 480 சட்டத்தின் வழியே இந்தியாவுக்கு வந்த தானியம் அது. கோதுமை ரவையும் பால்மாவும் எண்ணெய் டின்னும் எத்தனையோ வயிறுகளை நிரப்பின, அதை மறக்கக் கூடாது. ஆனால் இந்தத் தெரு மட்டும் ஏன் ஆண்டுதோறும் வரிசையில் நிற்கிறது, அந்தத் தெரு ஏன் நிற்பதில்லை என்று எங்களுக்கு யாரும் கேட்கக் கற்றுத்தரவில்லை. வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே தனியே ஒதுக்கப்பட்ட தெருக்காரர்கள் என்பது கண்ணெதிரே இருந்தது. கோயிலுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும்கூடச் சாதி கோடு கிழித்திருந்த காலம். தருமம் நடந்தது, கேள்வி நடக்கவில்லை.

கேள்வியைக் கேட்டவர் எங்கோ தொலைவில் இருந்தார். 1973 ஜூலை 31 அன்று, ஸ்பெயினின் வலென்சியா நகரில், இயேசு சபைப் பள்ளிகளின் பழைய மாணவர்கள் கூடிய மாநாட்டில் சபையின் தலைவர் பெத்ரோ அருப்பே பேசினார். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது நகரத்தின் ஓரத்தில் இருந்த தம் மடத்தையே மருத்துவமனையாக்கிக் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டவர். நீதிக்காக நிற்பவர்களாக உங்களை நாங்கள் வளர்த்தோமா என்று வசதியான அந்தக் கூட்டத்தின் முன் தாமே கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொன்னார். பிறருக்காக வாழும் மனிதரை உருவாக்காத பள்ளி தன் வேலையைச் செய்யவில்லை என்பது அவர் பேச்சின் சாரம். கேட்டவர்களில் பலருக்கு அது கசந்தது. அந்தப் பேச்சு மெல்ல மெல்ல எங்கள் பக்கத்துக்கும் வந்தது. நான் பள்ளியை விட்டு வெளியே வரும் சமயத்தில் இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தில் பிள்ளைகள் பார், ஆராய், செயல்படு என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். கூலி என்ன, நிலம் யாருடையது, கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம் என்று நோட்டில் குறித்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் எங்களைவிடத் தெளிவானவர்கள். சந்தேகமில்லாமல் சொல்வேன்.

1937இல் பிரான்சிலிருந்து சென்னைக்கு வந்த பியேர் செராக் அடிகளை அறிந்த கல்லூரி மாணவர்கள் அதிர்ஷ்டசாலிகள். வகுப்பறையில் இருந்தவர்களைக் குடிசைகளுக்கும் வறண்ட இராமநாதபுரம் சீமைக்கும் அழைத்துப்போனவர். பிறகு தாய்லாந்து எல்லையில் கம்போடிய அகதிகளோடு ஆண்டுக்கணக்கில் இருந்தவர். 2012இல் சென்னையிலேயே கண்மூடினார். 1980இல் அருப்பே தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணி, இலங்கையிலிருந்து வந்த நம் மக்களின் முகாம்களில் மாலை வகுப்பு நடத்தியது. ஆச்சியின் கொழும்புக் கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு, முகாம் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போன இளைஞர்களைப் பார்த்தபோது பெருமையாக இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடற்கரை ஊர்களில் கத்தோலிக்கப் பள்ளி வகுப்பறைகளில் பெஞ்சுகள் ஒதுக்கப்பட்டுக் குடும்பங்கள் படுத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். யார் எந்தக் கோயில் என்று எவரும் கேட்கவில்லை.

இப்போது இந்தப் பணிக்கென்று துறைகளே இருக்கின்றன. திருச்சி புனித வளனார் கல்லூரியில் ஷெப்பர்டு, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் ஸ்டாண்டு. 1969இல் காந்தி நூற்றாண்டில் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் வேறு. என் தங்கை மகள் படிக்கும் கல்லூரியில் சமூகப் பணிக்கு மதிப்பெண் உண்டு, பதிவேடு உண்டு, மணிக்கணக்கு உண்டு. எங்கள் காலத்தில் இந்த வேலைக்குப் பெண்பிள்ளைகளை வெளியே விடவே வீடுகள் யோசிக்கும். இவள் மகளிர் குழுவுக்கு வங்கிப் படிவம் நிரப்பிக்கொடுத்துவிட்டு, இரத்தம் கொடுத்துவிட்டு, மனு எப்படி எழுதுவது என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லிவிட்டு வருகிறாள். எங்கள் அரிசிப் பொட்டலத்தால் முடியாததை இவள் பேனா முடிக்கிறது.

போன மாதம் போன ஊர் எது என்று கேட்டேன். சொன்னாள். அங்கே யாரையாவது பெயர் சொல்லித் தெரியுமா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்ல மாமா, ஒவ்வொரு தடவையும் வேற வேற ஊருக்கில்ல கூட்டிட்டுப் போறாங்க" என்றாள். அவள் குரலிலும் அந்தக் குறை இருந்தது. குழுப்படம் எடுத்து, கையெழுத்து வாங்கி, பஸ் ஏறும் நேரத்தில் ஒரு பாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி எப்போது வருவாய் என்று கேட்டாராம். என்ன சொல்வது என்று தெரியவில்லை என்றாள்.

கத்தோலிக்கப் பள்ளியும் கல்லூரியும் நடத்துகிற தந்தையரே, சகோதரிகளே, பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கக் கற்றுத்தந்தீர்கள். அதற்கு இந்தப் பழைய நீதிபோதனை மாணவனின் நன்றி. வருகிற ஜூனில் பணித் திட்டம் எழுதும்போது ஊர்களின் எண்ணிக்கையைக் குறைத்து, இரண்டிரண்டு பேருக்கு ஒரு வீடு என்று கொடுங்கள். படிப்பு முடியும் மட்டும் அதே வீட்டுக்கே அவர்களை அனுப்புங்கள்.