லண்டனில் இருந்து பார்த்தால் கால்பந்து தெரியாது

ஈஸ்ட் ஹாம், லண்டன்.

அன்புள்ள அத்தானுக்கு,

அங்க மழை உண்டா? இங்க அதைத் தவிர வேற ஒண்ணும் இல்ல.

போன வாரம் போன்ல, "உனக்கென்னடே, லண்டன்காரன்! சனிக்கிழமையானா ஆர்சனல், செல்சின்னு எல்லாத்தையும் பாத்துருவ"ன்னு பெருமூச்சு விட்டீங்க. தூத்தூர் பக்கம் டூர்னமெண்ட்னு கேள்விப்பட்டாலே பைக்கை எடுத்துக்கிட்டுப் போய் லைன் ஓரமா நிக்கிற ஆளு நீங்க. உங்களுக்கு என்மேல இப்படி ஒரு பொறாமை இருக்கிறது நம்ம ரெண்டு பேருக்குமே நல்லதில்ல. அதனால உள்ள நிலவரத்தை எழுதிப் போடுறேன்.

சனிக்கிழமை மத்தியானம் 2.45-ல இருந்து 5.15 வரைக்கும் இந்த நாட்டுல எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் டிவில நேரடியாக் காட்டக் கூடாது. விளையாட்டுக்குச் சொல்லல அத்தான், விதியே அப்படி. 1960-கள்ல பர்ன்லி கிளப்புக்கு பாப் லார்டுன்னு ஒரு தலைவர் இருந்தார். பெரிய டீம் ஆட்டத்தை வீட்டுல சோபால சாஞ்சு பாக்கலாம்னா, சின்ன ஊர் டீம் ஆட்டத்துக்கு எவன் காசு குடுத்து மழையில நனைய வருவான்னு கேட்டார். கேட்டது நியாயம்தான். அவர் போயே பல வருஷமாச்சு, அவர் போட்ட பூட்டு இன்னும் தொங்குது. ஸ்பெயின்ல நடக்கிற ஆட்டமா இருந்தாலும் அந்த நேரத்துக்குள்ள வந்தா இங்க தெரியாது.

இங்க மூணு மணின்னா நாகர்கோவில்ல ராத்திரி ஏழரை. நீங்க கைலியைக் கட்டிக்கிட்டு, தோசையைப் பிச்சு வாயில போட்டுக்கிட்டே ஹாட்ஸ்டார்ல பாத்துக்கிட்டு இருப்பீங்க. வெஸ்ட் ஹாம் கிளப் ஸ்டேடியத்துக்கு என் வீட்டுல இருந்து ஒரு ரயில் மாறினா போதும். ஆனா கோல் விழுந்த சேதி எனக்கு நாகர்கோவில்ல இருந்துதான் வாட்ஸ்அப்ல வரணும். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலன்னு சொல்லுவாங்களே, எனக்கு அது கண்ணுக்கு எட்டல.

நேரா மைதானத்துக்கே போனா என்னன்னு கேப்பீங்க. பெரிய கிளப்னா முதல்ல வருஷச் சந்தா கட்டி மெம்பர் ஆகணும். மெம்பர் ஆயாச்சுன்னா டிக்கெட் கிடைக்கும்னு நினைக்கப்படாது. டிக்கெட்டுக்கான குலுக்கல்ல பேர் குடுக்கத்தான் தகுதி கிடைக்கும். சீட்டுக் கம்பெனில பணத்தைப் போட்டுட்டு ஏலத்துக்குக் காத்திருந்த நம்ம பெரியப்பா இங்க இருந்திருந்தா ரொம்பப் பொருந்திப் போயிருப்பார்.

எனக்கு மிச்சம் இருக்கிற வழி, சனிக்கிழமை ராத்திரி பிபிசில வர்ற 'மேட்ச் ஆஃப் த டே'. 1964 ஆகஸ்ட் 22-ல ஆரம்பிச்ச நிகழ்ச்சி, இன்னைக்கும் ஓடுது. அன்னைக்கு நடந்த ஆட்டங்களை வெட்டி ஒட்டிக் காட்டுவாங்க. முடிவு தெரியாம அதைப் பாக்குறதுலதான் ருசி. அதனால அதுக்கு முந்தி வர்ற செய்தில, "முடிவு தெரிய வேண்டாம்னு நினைக்கிறவங்க இப்ப வேற பக்கம் பாருங்க"ன்னு எச்சரிக்கை குடுத்துட்டுத்தான் ஸ்கோரைப் போடுவாங்க. அந்த நேரத்துல எங்க வீட்டுல நானும் என் பொண்டாட்டியும் சீலிங்கைப் பாத்துக்கிட்டு இருப்போம். உங்க மருமவன் மட்டும் விரல் இடுக்கு வழியாப் பாத்துட்டு, "அப்பா, நீங்க பாக்காம இருக்கிறதே நல்லது"ன்னு சொல்லுவான். அதுக்குப் பிறகு பாக்குறதுக்கு என்ன இருக்கு?

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, ஒரு காலத்துல இந்த ஏரியாதான் கால்பந்துக்குப் பேர் போனது. அப்டன் பார்க் ஸ்டேஷன்ல இறங்கி கிரீன் ஸ்ட்ரீட்ல நடந்தா, 1904-ல இருந்து வெஸ்ட் ஹாம் ஆடின மைதானம் இருந்துச்சு. 2016 மே 10-ம் தேதி மான்செஸ்டர் யுனைடெட்டை 3-2-ன்னு ஜெயிச்சு, அந்த மைதானத்துல கடைசி ஆட்டத்தை முடிச்சுக்கிட்டாங்க. இப்ப அந்த இடத்துல அடுக்குமாடி வீடுகள். மிச்சம் இருக்கிறது பார்க்கிங் (Barking) ரோடு முக்குல நிக்கிற வெண்கலச் சிலைதான். 1966 உலகக் கோப்பையைக் கையில தூக்கிக்கிட்டு கேப்டன் பாபி மூர் ரெண்டு பேர் தோள்ல உக்காந்திருப்பார். சிலைல இருக்கிற நாலு பேர்ல மூணு பேர் வெஸ்ட் ஹாம்காரங்க. காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் நான் அவங்களைப் பாக்குறேன். நேரடியாப் பாக்கக் கொடுத்து வெச்ச கால்பந்து அவ்வளவுதான், அதுவும் அசையாது.

அந்த 1966-க்குப் பிறகு இங்கிலாந்து ஆண்கள் டீம் ஒரு பெரிய கோப்பையும் தூக்கல. 2021-ல யூரோ பைனல்ல வெம்ப்ளில சொந்த ஜனங்க முன்னாடியே இத்தாலிகிட்ட பெனால்டில தோத்தாங்க. 2024-ல பெர்லின்ல ஸ்பெயின்கிட்ட 2-1. ஒவ்வொரு தடவையும் தெரு பூரா ஜன்னலுக்கு ஜன்னல் கொடி பறக்கும், மறுநாள் ஊரே துஷ்டி வீடு மாதிரி ஆயிரும். நடுவுல பொண்ணுங்க டீம் சத்தம் போடாம 2022-லயும் 2025-லயும் யூரோ கோப்பையை எடுத்துட்டு வந்து வெச்சிருச்சு. உங்க வீட்டுலயும் எங்க வீட்டுலயும் யாரு காரியத்தை முடிக்கிறாங்களோ, இங்கயும் அவங்கதான்.

டிவின்னு சொன்னதும் ஞாபகம் வருது. இங்க டிவி பாக்க லைசென்ஸ் எடுக்கணும். வண்டிக்கு இல்ல, டிவிக்கு! 2025 ஏப்ரல்ல அதை வருஷத்துக்கு 174 பவுண்டு 50 பென்ஸ் ஆக்கினாங்க. பிபிசிதான்னு இல்ல, எந்தச் சேனலையும் நேரலையாப் பாக்குறதுக்கு இது வேணும். செல்போன்ல பாத்தாலும் வேணும். கறுப்பு வெள்ளை டிவியா இருந்தா அப்ப 58 பவுண்டு 50 பென்ஸ்தான். கண்பார்வை இல்லாதவங்களுக்குப் பாதி கட்டணம். முழுசா விடமாட்டாங்க, சத்தம் கேக்குதுல்ல! நம்ம தாத்தா போஸ்ட் ஆபீஸ்ல ரேடியோவுக்கு லைசென்ஸ் கட்டின புஸ்தகத்தை அலமாரில வெச்சிருந்தாரே, அதேதான். நம்ம ஊர்ல அதை எண்பதுகள்லயே எடுத்தாச்சு. ஒண்ணு மட்டும் ஒத்துக்கணும் அத்தான்: பிபிசில நடுவுல விளம்பரம் கிடையாது. ஹீரோயினுக்கு விஷம் குடுக்கப் போற நேரத்துல சோப்புப் பவுடர் வராது.

அக்கா பாக்குற சீரியல் மூணு வருஷமா முடியலன்னு நீங்க புலம்புறது எனக்கு இப்பச் சிரிப்பா இருக்கு. இங்க 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்'னு ஒரு சீரியல், 1960 டிசம்பர் 9-ல ஆரம்பிச்சது, இன்னும் போகுது. முதல் எபிசோட்ல காலேஜ் படிக்கிற பையனா வந்த வில்லியம் ரோச் 90 வயசு தாண்டியும் அதே கதாபாத்திரமா நடிச்சுக்கிட்டு இருக்கார். அக்காகிட்ட சொல்லாதீங்க, தைரியம் வந்துரும்.

இன்னொண்ணு, 'ஈஸ்ட்எண்டர்ஸ்'. எங்க கிழக்கு லண்டன் கதை, 1985-ல ஆரம்பிச்சது. வால்ஃபோர்டுன்னு ஒரு ஊரைக் கற்பனையா உண்டாக்கி, அதுக்கு இ20-ன்னு இல்லாத ஒரு அஞ்சல் குறியீட்டையும் குடுத்தாங்க. 2011-ல ஒலிம்பிக் பூங்கா வந்தப்ப அந்த இடத்துக்கு நெசமாவே இ20-ஐக் குடுத்துட்டாங்க. இப்ப வெஸ்ட் ஹாம் ஆடுற ஸ்டேடியம் அங்கதான் இருக்கு. சீரியல்காரன் கதைக்கு வெச்ச விலாசத்துக்கு இப்ப தபால்காரர் போயிட்டு வர்றார்.

சினிமா கதையையும் சொல்லிடறேன். தமிழ்ப் படம் இங்க நம்ம ஊரோட ஒண்ணாவே வந்துருது, அதுல குறையில்ல. ஆனா சென்சார் கணக்கே வேற. நம்ம ஊர்ல யுஏ 16 போட்டாலும் அப்பா அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு பிள்ளை உள்ள போயிரும். இங்க '15'-ன்னு போட்டா போட்டதுதான். 15 வயசு ஆகலன்னா பெத்தவங்க இல்ல, தாத்தா பாட்டி கூட வந்தாலும் உள்ள விடமாட்டாங்க. உங்க மருமவனுக்கு 13. போன தீபாவளிக்கு ஒரு பெரிய ஹீரோ படம். கவுண்டர்ல நின்ன பொண்ணு அவனை ஏற இறங்கப் பாத்துச்சு. பய மூச்சை இழுத்து நெஞ்சை விடைச்சு, குதிகாலைத் தூக்கி நின்னான். மீசை வேற அரும்பியிருக்கு. "பிறந்த வருஷம்?"னு கேட்டுச்சு. இவன் மனக்கணக்குப் போட்டுச் சொல்றதுக்குள்ள, அவங்கம்மா மாசம், தேதி, நட்சத்திரம் வரைக்கும் உண்மையைச் சொல்லிட்டா. நானும் அவளும் மட்டும் படம் பாக்குறதா, பயலோட வீட்டுக்குத் திரும்புறதான்னு வாசல்லயே பஞ்சாயத்து. கடைசில மூணு பேரும் பக்கத்து ஸ்கிரீன்ல பேசுற கரடிப் படம் பாத்தோம். கரடி நல்லாத்தான் நடிச்சிருந்துச்சு.

இங்க தியேட்டர்கள்ல இடைவேளை விடுற பழக்கமும் கிடையாது. நம்ம டைரக்டர் பாவம், ராத்திரி பகலா யோசிச்சு ஹீரோ திரும்பிப் பாக்குற மாதிரி ஒரு ஷாட் வெச்சு, 'இடைவேளை'ன்னு எழுத்தை இடி முழக்கத்தோட போடுவார். அரங்கத்துல பாதிப் பேர் சாயாவுக்கும் ஒண்ணுக்குமா எந்திரிப்பாங்க. அடுத்த செகண்ட்ல ரெண்டாம் பாதி ஆரம்பிச்சிரும். எந்திரிச்ச எல்லாரும் ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காருவாங்க.

இதெல்லாம் வெளிய. வீட்டுக்குள்ள எனக்கு எதிரி, அடுப்படிக்கு வெளிய கூரைல வட்டமா உக்காந்திருக்கிற புகை அலாரம். வெள்ளைக்காரன் ரொட்டி வாட்டுறதை மனசுல வெச்சுச் செஞ்ச சாமான் அது. நம்ம தாளிப்பு அதுக்குத் தெரியாது. எண்ணெய் காஞ்சு, கடுகு வெடிச்சு, வத்தலைக் கிள்ளிப் போட்ட மறு நிமிஷம் கீச்சுனு கத்த ஆரம்பிக்கும். நெத்திலிக் கருவாடு பொரிக்கிற அன்னைக்கு வீட்டுல எல்லாருக்கும் வேலை பிரிச்சாச்சு: அவ அடுப்புல, பய நாற்காலி மேல ஏறி அலாரத்துக்கு நேரா துண்டை வீசணும், நான் ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட சாரி சொல்லணும். அந்தப் பாட்டி என்னைவிட முந்தி சாரி சொல்லும். எதுக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது.

அடுத்தது குழாய். ஒரே வாஷ்பேசின்ல ரெண்டு குழாய். ஒண்ணுல கொதிக்கும், ஒண்ணுல விறைக்கும். நடுவுல கையை வெச்சு இங்கயும் அங்கயும் ஆட்டணும். இதுக்கும் காரணம் இருக்கு. பழைய வீடுகள்ல பச்சைத் தண்ணி நேரா மெயின்ல இருந்து வரும், குடிக்கலாம். வெந்நீர் மச்சுல இருக்கிற தொட்டித் தண்ணில இருந்து வரும். அதுல எலி செத்துக் கிடந்தாலும் தெரியாது. ரெண்டும் கலந்துரக் கூடாதுன்னு பிரிச்சே வெச்சாங்க. தொட்டி போன வீடுகள்லயும் குழாய் ரெண்டாவே நிக்குது. பாப் லார்டு விதியும் இதே ஜாதிதான். இந்த ஊர்ல எல்லாத்துக்கும் ஒரு நல்ல காரணம் இருந்திருக்கு. காரணம் போன பிறகு விதியையும் போகச் சொல்ல இவங்களுக்கு மனசு வராது, அவ்வளவுதான்.

அதனால அத்தான், லண்டனைப் பாக்கணும்னா தாராளமா வாங்க. ஜூன்ல வந்தா ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும்; டிசம்பர்ல வந்துராதீங்க, சாயங்காலம் நாலு மணிக்குள்ள இருட்டிரும். மேட்ச் பாக்கணும்னா நாகர்கோவில்லயே இருங்க, அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒரே ஒரு வேண்டுகோள். அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை இங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளிருவாங்க. அதுக்குப் பிறகு மூணு மணி ஆட்டம் உங்களுக்கு ராத்திரி எட்டரைக்கு வரும், ஒன்பது மணி வாக்குல முதல் கோல் விழும். அந்த நேரத்துல எனக்கு மெசேஜ் அனுப்பாதீங்க. கை சும்மா இருக்க மாட்டேங்குதுன்னா அக்காவோட சீரியல்ல என்ன நடந்ததுன்னு அனுப்புங்க. ஸ்கோரை ஞாயித்துக்கிழமை காலைல சொன்னாப் போதும்.

அன்புடன்,
உங்கள் மச்சினன்